பழைய வாக்மேனா, டூ இன் ஒன்னா, புது பிளேயரா: கேசட் கேட்க எதை வாங்கலாம்?

கேசட் மறுபடியும் கேட்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது, விற்பனைக்கு இருக்கும் பழைய வாக்மேன் படங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவதுதான். நீலமும் வெள்ளியுமாக அந்த முதல் மாடல், மஞ்சள் ஸ்போர்ட்ஸ் மாடல், கேசட் டப்பா அளவுக்கே இருக்கும் மெல்லிய உலோக மாடல் என்று எல்லாமே கண்ணைப் பறிக்கும். அப்புறம் முகப்பில் எழுதியிருப்பதை ஒப்பிட ஆரம்பிப்பார்கள்: ஆட்டோ ரிவர்ஸ் (ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறு பக்கம் ஓடுவது) உண்டா, டால்பி (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) உண்டா, மெகா பேஸ் உண்டா, ஈக்வலைசரில் எத்தனை பட்டை, ரேடியோ வருமா. இதெல்லாம் 1985-இல் கடையில் புதிதாக வாங்கியவருக்குப் பயன்பட்ட கேள்விகள். நாற்பது வருடம் டிராயரில் கிடந்த ஒரு இயந்திரத்தை இன்றைக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு. இதற்குள் என்ன கெட்டுப்போயிருக்கும், கெட்டதைச் சரிசெய்ய முடியுமா, நான் போடப்போகிற கேசட்டுக்கு இது பொருந்துமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வசதி குறைந்த வாக்மேன்தான் இன்றைக்கு நல்ல வாக்மேன். விதிவிலக்குகள் உண்டு, வரும்போது சொல்கிறேன்.

வாக்மேன் என்பது சோனி வைத்த பெயர், ஆனால் கையடக்கமான கேசட் பிளேயர் எந்தக் கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் சௌகரியத்துக்காக வாக்மேன் என்றே எழுதுகிறேன். முன்னால் இருக்கும் வழிகள் இவை: 1979-இல் தொடங்கி ஒன்றிரண்டு வருடங்களில் வந்த கனமான முதல் தலைமுறை, எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை எல்லாக் கம்பெனிகளும் வகைவகையாக இறக்கிய, இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடும் சாதாரண பெல்ட் மாடல்கள், எண்பதுகளின் உயர்ரக மாடல்கள், மெல்லிய, பின்னால் ரிமோட்டும் சேர்ந்த மாடல்கள், இன்று புதிதாகத் தயாராகும் பிளேயர்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்து, கைப்பிடியும் ஸ்பீக்கரும் வைத்த டூ இன் ஒன் தனி ஜாதி, ஆனால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

எதையும் பார்ப்பதற்கு முன் உங்கள் கேசட் பெட்டியைத் திறந்து பாருங்கள். கம்பெனி போட்ட பாட்டு கேசட்டுகள் அதிகம் இருந்தால், அட்டையில் இரண்டு ஆங்கில ‘டி’ எதிரெதிராக நிற்பது மாதிரி டால்பி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அநேகமாக டால்பி பி. பதிவு செய்யும்போது மெல்லிய உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, ஓட்டும்போது அதே அளவு இறக்கினால் நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் சேர்ந்து இறங்கும், சுமார் 10 டெசிபல் வரைக்கும். டால்பி இல்லாத பிளேயரில் அதே கேசட்டைப் போட்டால் பாட்டு கொஞ்சம் கூர்மையாக, இரைச்சலோடு வரும். கெட்டுப்போகாது. சிலருக்கு அந்தக் கூர்மை பிடிக்கவும் செய்கிறது. டால்பி சி வேறு விஷயம், அது 20 டெசிபல் அளவுக்கு வேலை செய்வதால் டால்பி சி-யில் பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் காதைக் குத்தும். நல்ல டெக் (வீட்டில் வைத்துப் பதியும் பெரிய கேசட் கருவி) வைத்திருந்த யாராவது வீட்டில் பதிந்து கொடுத்த கேசட்டுகளில்தான் டால்பி சி அதிகம் தென்படும், அப்படி ஒரு பெட்டி உங்களிடம் இருந்தால் வாங்கும் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

அடுத்தது நாடா வகை. சாதாரண இரும்பு ஆக்ஸைடு நாடா டைப் 1, குரோம் டைப் 2, மெட்டல் டைப் 4. டைப் 1-க்கு 120 மைக்ரோசெகண்ட் ஈக்வலைசேஷன் (ஓட்டும்போது உச்ச ஒலியைச் சரிக்கட்டும் அளவு), மற்ற இரண்டுக்கும் 70. வாக்மேனில் ‘நார்மல்’, ‘குரோம் / மெட்டல்’ என்று இருக்கும் சின்ன சுவிட்ச் இதற்காகத்தான், வேறு எதுவும் செய்வதில்லை. குரோம் நாடாவை நார்மலில் ஓட்டினால் உச்ச ஒலி தூக்கலாக வரும், டோன் குமிழைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். எனவே இந்த சுவிட்ச் இல்லை என்பதற்காக ஒரு நல்ல பிளேயரை ஒதுக்க வேண்டாம். கம்பெனி கேசட்டுகளில் குரோம் நாடா போட்டே நார்மல் ஈக்வலைசேஷனில் பதிந்தவையும் உண்டு, ஆகவே நாடாவின் நிறத்தைவிட அட்டையில் போட்டிருப்பதை நம்புங்கள்.

பெட்டியில் இருப்பது பெரும்பாலும் குரல் பதிவுகள் என்றால், அதாவது வீட்டில் பேசியது, பேட்டி, சொற்பொழிவு, இந்த டால்பி, குரோம் கணக்கெல்லாம் தேவையே இல்லை. கேசட்டின் அமைப்பில் இடது வலது தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மோனோ பதிவு ஸ்டீரியோ பிளேயரில் இரண்டு காதிலும் ஒழுங்காகக் கேட்கும். குரல் பதிவுக்கு முக்கியம் நாடா அறுபடாமல் ஓடுவது. குறிப்பாக சி-120 கேசட்டுகள் (எண் என்பது இரு பக்கமும் சேர்ந்த நிமிடங்கள்). சி-60 நாடா சுமார் 16 முதல் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் இறுகிப்போன, ரீல் சரியாகச் சுற்றாத ஒரு பழைய வாக்மேனில் சி-120 போடுவது நாடாவைக் கொத்தாக வெளியே எடுக்கத் தயாராவதுதான்.

சரி, இப்போது எல்லா மாடலுக்கும் பொதுவான ஒரே அளவுகோல்: வேகம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், ஃபிலிப்ஸ் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து இதுதான் கணக்கு. இதில் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று, மொத்த வேகமே கூடவோ குறையவோ இருப்பது. ஆறு சதவீதம் கூடினால் பாட்டு ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும், பாடுகிறவர் குரல் சிறுபிள்ளையின் குரல்போல மாறும். ஒன்றிரண்டு சதவீதத்தைப் பெரும்பாலானவர்கள் கண்டுபிடிப்பதில்லை, அந்தப் பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர் மட்டும் முகம் சுளிப்பார். இது பெரும்பாலும் மோட்டாரின் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவைத் திருப்பினால் சரியாகிவிடும். இரண்டாவதுதான் வில்லன். வேகம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குவது, பாட்டு இழுக்கிறது என்கிறோமே, அது. மெதுவாக ஏறி இறங்கினால் வௌ, வேகமாக நடுங்கினால் ஃப்ளட்டர் என்று இரண்டையும் சேர்த்து ஒரு சதவீதமாகப் போடுவார்கள். சோனியின் உயர்ரக மாடலான டபிள்யூஎம்-டி6சி-க்குக் கம்பெனி கொடுத்த எண் 0.04 சதவீதம். இது வீட்டு டெக்குகளையே வெட்கப்பட வைக்கும் எண். நல்ல நிலையில் உள்ள சாதாரண வாக்மேன் இதைவிடப் பல மடங்கு மோசமாக இருந்தாலும் பாட்டு கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் ரப்பர் தேய்ந்துபோனதில் பியானோவின் நீளமான ஒரு ஸ்வரத்தைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். டிரம்ஸும் குரலும் நிறைந்த பாட்டில் அது மறைந்துகொள்ளும். விற்கிறவர் எப்போதும் அந்த மாதிரிப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்.

முதல் தலைமுறையில் ஆரம்பிப்போம். சோனி டிபிஎஸ்-எல்2, 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பதிவு செய்யும் வசதி கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, டால்பி கிடையாது, ஆட்டோ ரிவர்ஸ் கிடையாது. இருப்பது என்ன என்றால் இரண்டு ஹெட்போன் துளைகள், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி வால்யூம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ‘ஹாட் லைன்’ பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து உள்ளிருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஹெட்போனில் கேட்கும். இரண்டு பேர் ஒன்றாகக் கேட்கும்போது பேசிக்கொள்ள வேண்டும் என்று யோசித்துச் செய்தது. மற்றவர்களோடு ஒட்டாமல் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடப்பது மரியாதையாக இருக்குமா என்ற சந்தேகம் அப்போது தயாரித்தவர்களுக்கே இருந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்த விஷயம். அடுத்து 1981-இல் டபிள்யூஎம்-2 வந்தபோது உருவமும் எடையும் குறைந்தன.

ஒலி? நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உலோக உடம்பு, உள்ளே இடம் தாராளம், பெல்ட் மாற்றுவது கடினமில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் இதன் பின்னால் ஓடுவதால் விலை, கேட்கும் ஒலிக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில் இருக்கிறது. அலமாரியில் வைக்கத்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. தினமும் பையில் போட்டுக்கொண்டு போக இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

உயர்ரக மாடல்கள் தனி உலகம். 1982-இல் வந்த சோனியின் டபிள்யூஎம்-டிடி வரிசையில் பெல்ட்டுக்குப் பதிலாக மோட்டார் நேராக, வேகத்தை நிலையாக வைக்கும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் விளிம்பைச் சுழற்றும், வேகத்தை ஒரு சர்க்யூட் கண்காணித்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போதும் பாட்டு ஆடாது. 1984-இல் வந்த டி6சி-யோ குவார்ட்ஸ் படிகத்தால் வேகக் கட்டுப்பாடு, டால்பி பி, சி இரண்டும், பதிவு வசதி, பதிவு அளவு காட்டும் விளக்குகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி என்று ஒரு முழு டெக்கைக் கையில் கொடுத்தது. நான்கு பென்டார்ச் செல் தின்னும், சட்டைப் பையில் அடங்காது. நிருபர்களும் கச்சேரிகளைப் பதிகிறவர்களும் இதை வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பெட்டி நிறைய நல்ல பதிவுகள் வைத்துக்கொண்டு அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்கிறவருக்கு, வசதி குறைந்ததே நல்லது என்ற என் வாதத்துக்கு முதல் விதிவிலக்கு இதுதான்.

ஆனால் டிடி வரிசையில் ஒரு பிரபலமான வியாதி உண்டு. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வருடங்கள் போகப்போகச் சுருங்கி விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி மாறிவிடுவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். பாட்டு ஓடும், ஒலிகூட சுமாராக இருக்கும், அந்த டிக் மட்டும் விடாது, நாளாக ஆக நாடாவைச் சுற்றுவதும் நின்றுவிடும். ஆர்வலர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கிறார்கள், ஆனால் அதை மாட்ட இயந்திரத்தைக் கிட்டத்தட்ட முழுதாகப் பிரிக்க வேண்டும். எனவே டிடி வாங்கினால் ‘சக்கரம் மாற்றியாகிவிட்டதா’ என்று கேளுங்கள். ‘அப்படி ஒன்று இருக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மெல்லிய மாடல்கள்தான் படத்தில் பார்க்க மிக அழகு. 1983-இல் வந்த டபிள்யூஎம்-20 மூடியிருக்கும்போது கேசட் டப்பா அளவுதான், இழுத்து நீட்டினால்தான் கேசட் உள்ளே போகும், ஒரே ஒரு பென்டார்ச் செல். 1985-இல் டபிள்யூஎம்-101 சூயிங்கம் பட்டை வடிவ சார்ஜ் பேட்டரியோடு வந்தது, அதன் பிறகு சோனி, பானசோனிக், ஐவா மூன்றும் யார் இன்னும் மெலிசாகச் செய்வது என்று போட்டி போட்டுக்கொண்டே போனார்கள். தொட்டால் இயங்கும் பொத்தான், ஹெட்போன் கம்பியில் ரிமோட், பாட்டுக்குப் பாட்டு தாவும் வசதி, எல்லாம் உண்டு. மெக்கானிக்கல் வேலைப்பாடாகப் பார்த்தால் கேசட் உலகின் உச்சம் இவைதான், அதில் சந்தேகமில்லை. இன்றைக்கு வாங்கினால் சிக்கலும் அங்கேதான். உள்ளே பேப்பர் மாதிரி வளையும் சர்க்யூட், அதில் கடுகளவு கெபாசிட்டர்கள், அந்தக் கெபாசிட்டர்கள் ஒழுகினால் சர்க்யூட்டின் தாமிரப் பாதையே அரித்துப்போகும். ஒரு காதில் மட்டும் பாட்டு, அல்லது இரண்டிலும் மெல்லிய முனகல், அல்லது பொத்தானை அழுத்தினால் ஓடி இரண்டு நொடியில் நின்றுவிடுவது, இந்த வகைப் புகார்கள் இவற்றில் சகஜம். பட்டை பேட்டரி தேடி அலைய வேண்டும், உள்ளேயே வருடக்கணக்கில் விட்ட பழைய பேட்டரி கசிந்து தொடர்பு முனையைத் தின்றிருக்கும். பக்கவாட்டில் திருகி மாட்டும் பென்டார்ச் செல் பெட்டி ஒன்று இவற்றோடு வரும், அது தொலையாமல் கூடவே கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. யாராவது முழுதாகப் பிரித்துச் சரிசெய்து, இப்போது ஓடுவதை நீங்களே கேட்டால் தவிர இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது நடுத்தர பெல்ட் மாடல்கள், என் ஓட்டு இவற்றுக்கே. அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும் பொத்தான்கள், இரண்டு பென்டார்ச் செல், ஒரு திசையில் மட்டும் ஓடும் மெக்கானிசம், முடிந்தால் டால்பி பி, முடிந்தால் நாடா சுவிட்ச். எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமே இல்லை. இவற்றில் அநேகமாக ஒன்றுதான் கெட்டிருக்கும், பெல்ட்.

பெல்ட் கெடுவது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால் பயம் போய்விடும். பின்மூடியின் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியை மெல்லத் தூக்குங்கள், ஏதாவது பொத்தானில் கொக்கி மாட்டியிருக்கும், இழுக்கக் கூடாது. உள்ளே ஒரு மூலையில் மோட்டார், அதன் நுனியில் பட்டாணி அளவு பித்தளைக் கப்பி, இன்னொரு பக்கம் பெரிய ஃப்ளைவீல். இரண்டையும் சுற்றி இருக்க வேண்டிய பெல்ட் ஒன்று தொளதொளவென்று தொங்கும், இல்லையென்றால் உருகித் தார் மாதிரி கப்பியின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது வகை என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது விரலில் பட்டால் சோப்புக்கு மசியாது. பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் கரையும், ஆனால் பள்ளத்தில் ஒரு துளிகூட மிச்சம் விடக் கூடாது, விட்டால் புது பெல்ட் அந்த இடத்தில் குதிக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு நடுங்கும். பழைய பெல்ட்டே இல்லாதபோது அளவு எடுக்க, பெல்ட் ஓட வேண்டிய பாதையில் ஒரு நூலைச் சுற்றி முடிந்து, அதன் நீளத்தைவிடச் சில சதவீதம் குறைவான சுற்றளவில் வாங்க வேண்டும். ரொம்ப இறுக்கமாக வாங்கினால் மோட்டாரின் கப்பியை ஒரு பக்கமாக இழுத்து, செல்லைக் குடித்து, வேகத்தையும் கெடுக்கும்.

பெல்ட் மாற்றியதோடு பிஞ்ச் ரோலரையும் பாருங்கள். நாடாவை கேப்ஸ்டன் கம்பியோடு சேர்த்து அழுத்தி ஓட்டுகிற சின்ன ரப்பர் உருளை அது. மங்கலாகக் கறுப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடிபோல் மின்னினால் இறுகிவிட்டது என்று அர்த்தம், நாடா அதில் வழுக்கி ஒரு பக்கமாக ஏறி, கடைசியில் கேசட்டை மென்றுவிடும். பிறகு வேகம் சரிபார்க்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை கேசட் ஒன்றும், போனில் அதிர்வெண் காட்டும் ஒரு செயலியும் போதும். 3180 காட்டினால் ஒரு சதவீதம் வேகம் கூட, அவ்வளவுதான் கணக்கு.

இப்போது அந்த முகப்பு வசதிகள். ஆட்டோ ரிவர்ஸ் என்றால் இரண்டு கேப்ஸ்டன், இரண்டு பிஞ்ச் ரோலர், இரு திசைக்கும் பொதுவாக, நாடாவைப் படிக்கும் ஒரு ஹெட். இரண்டு திசையிலும் ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் உச்ச ஒலி மங்கி, பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கும். ஒரு பக்கம் தெளிவு, மறு பக்கம் மங்கல் என்பது பழைய ஆட்டோ ரிவர்ஸ் வாக்மேன்களில் மிகச் சாதாரணம். கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போடும் அரை நிமிட வேலைக்காக இத்தனை ரிஸ்க் தேவையா என்பது உங்கள் இஷ்டம். நான் ஒதுக்குகிறேன்.

மெகா பேஸ், எக்ஸ்பிஎஸ், டிஎஸ்எல் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் கொடுத்தது அடிப்படையில் பேஸைத் தூக்குவதுதான். அந்தக் காலத்துப் பஞ்சு வைத்த சின்ன ஹெட்போன்களுக்கு அது தேவைப்பட்டது, இன்றைய ஹெட்போனில் பெரும்பாலும் மிகையாக இருக்கும். ஈக்வலைசர் பட்டைகளில் தூசு ஏறி கரகரக்கும், அதற்குக் காண்டாக்ட் கிளீனர் உண்டு. பதிவு வசதி இருந்தால் நல்லதுதான், ஆனால் பழைய குரல் பதிவுகளைப் போடுமுன் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள், விரல் தவறிச் சிவப்பு பொத்தானில் பட்டாலும் பதிவு அழியாது.

ரேடியோவில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானுக்குள் விற்ற மாடல்களில் எஃப்எம் 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை. மற்ற பெரும்பாலான நாடுகளில் 87.5 முதல் 108. அப்படி ஒரு மாடலை வேறு நாட்டில் வைத்துக் கேட்டால் முள்ளின் கடைசி ஓரத்தில் ஒன்றிரண்டு நிலையம் வந்தால் அதிர்ஷ்டம். படத்தில் அலைவரிசை எண்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டூ இன் ஒன் பற்றி. ஒரே இடத்தில் வைத்து, சமைத்துக்கொண்டோ படித்துக்கொண்டோ, நாலு பேர் சேர்ந்தோ கேட்பதுதான் உங்கள் பழக்கம் என்றால் வாக்மேனே வேண்டாம், இதை வாங்குங்கள். உள்ளே இடம் ஏராளம், பாகங்கள் பெரிது, பெல்ட் தடிமன், ரேடியோ ரிப்பேர் தெரிந்த யாரும் கை வைக்கலாம். மின்சாரத்தில் ஓடுவதால் செல் கவலை இல்லை, செல் போட்டால் பெரிய டார்ச் செல் ஆறு, எட்டு என்று கேட்கும், தூக்கிக்கொண்டு நடப்பதை மறந்துவிடலாம். இதில் மட்டும் வசதிகளைப் பற்றிய என் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்கிறேன், இரண்டு கேசட் போடும் மாடலாக இருந்தால் ஒரு பக்கம் கெட்டாலும் மறு பக்கம் ஓடும். ஆனால் இரட்டை கேசட் மாடல்கள் பலவற்றில் மெக்கானிசம் மலிவு, 1980 வாக்கில் வந்த ஒற்றை கேசட் ஸ்டீரியோ பெட்டிகள் அவற்றைவிடத் திடமானவை. தேடும்போது ‘ரேடியோ நன்றாக ஓடுகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் கேசட் ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புது பிளேயர்கள். இன்றைக்குத் தயாராகும் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஜப்பானின் டனாஷின் கம்பெனி ஒரு காலத்தில் செய்த எளிய மெக்கானிசத்தின் நகல்கள். பெயர் தெரியாத மலிவு வகைகளில் பிளாஸ்டிக் ஃப்ளைவீல், பாட்டு இழுக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். கொஞ்சம் மெனக்கெட்டுச் செய்தவை ஃபியோ சிபி13, பிரான்ஸ் கம்பெனியான வீ ஆர் ரீவைண்டின் பிளேயர் ஆகியவை. ஃபியோ கனமான செம்பு ஃப்ளைவீல் போட்டிருக்கிறது, ப்ளூடூத் கிடையாது, ஹெட்போன் கம்பியோடுதான். மற்றதில் ப்ளூடூத்தும் பதிவு வசதியும் உண்டு. இரண்டுக்கும் உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி. இரண்டிலும் டால்பி கிடையாது, கேசட்டுக்கான டால்பி சிப் இப்போது தயாரிப்பில் இல்லாததால் புதிய கையடக்க பிளேயர்களில் அதை எதிர்பார்க்க முடியாது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய நடுத்தர வாக்மேன் ஒலியில் இவற்றுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும். ‘நல்ல நிலையில்’ என்பதுதான் இங்கே பெரிய நிபந்தனை. ஸ்க்ரூடிரைவரே பிடிக்காது, கெட்டால் திருப்பிக் கொடுக்க உத்தரவாதம் வேண்டும் என்கிறவர் பழையதைத் தேடி அலையாமல் இதில் ஒன்றை வாங்கிவிடலாம். ப்ளூடூத் மட்டும்தான் ஆசை என்றால் பழைய வாக்மேனின் ஹெட்போன் துளையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் செருகினாலே போதும்.

பழையதை வாங்கப் போகிறீர்கள் என்றால் ‘சோதிக்கப்படவில்லை’ என்ற வார்த்தைக்கு ‘கெட்டுப்போனது’ என்றே பொருள் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டு செல் போட்டுப் பார்க்க யாருக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. ஓடுகிற வீடியோ கேட்கும்போது ஒரு பக்கத்தின் ஆரம்பத்தில் ஒரு முறை, முடியும் இடத்துக்குக் கிட்டத்தில் ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாடா நிறையச் சுற்றப்பட்ட ரீலை இழுக்க அதிகப் பலம் வேண்டும், வலுவிழந்த மெக்கானிசம் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். செல் போடும் இடத்தின் படமும் வேண்டும். ஸ்பிரிங்கில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது, லேசாக இருந்தால் வினிகர் தொட்டுச் சுத்தம் செய்துவிடலாம், உள்ளே சர்க்யூட் வரை போயிருந்தால் வேண்டாம். அடாப்டர் கூட வந்தால் வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது, பின்னின் நடுவில் ப்ளஸ்ஸா மைனஸா என்று உடம்பில் போட்டிருக்கும் சின்னப் படத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எனக்கு அதைவிட சார்ஜ் செய்யும் பென்டார்ச் செல்கள் போதும்.

வந்து சேர்ந்ததும் பொக்கிஷமாக வைத்திருக்கும் கேசட்டை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். போனால் போகட்டும் என்று இருக்கும் ஒரு சி-60-ஐ முதலில் இரு பக்கமும் முழுதாக ஓட்டுங்கள், ஹெட்டையும் கேப்ஸ்டனையும் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள், பட்ஸ் பழுப்பாக வருவது நிற்கும் வரைக்கும். அப்படியும் ஒலி மங்கலாக இருந்தால் பிளேயரைக் குறை சொல்லுமுன் கேசட்டின் வாய்ப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் செம்புத் தகட்டின் மேல் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்க வேண்டும், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான், பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து உதிர்ந்து உள்ளே எங்காவது கிடக்கும்.